லூர்தம்மாள் வீட்டுப் புகார்

முத்துச்செல்வி சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது 2006-இல், பிளஸ் டூ முடித்த கையோடு. செல்போன் செய்யும் கம்பெனிகள் ஊர் ஊராகப் போய் ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். ஒரே அறையில் ஆறு பெண்கள், ஆளுக்கொரு ஷிஃப்ட். ஒருத்தி எழுந்த பாயில் இன்னொருத்தி படுப்பாள். சண்டையும் சிரிப்புமாக நாலைந்து வருஷம் ஓடியது. பிறகு ஒவ்வொருத்திக்கும் கல்யாணம் கூடியது. பத்திரிகை வைத்துவிட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

அவளுக்கும் மாப்பிள்ளை பார்த்தார்கள். ஜாதகம் சரியில்லை என்று இரண்டு இடம் தட்டிப்போனது. அதற்குள் அப்பா காலமாக, வீடு அண்ணன் கைக்குப் போனது. அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் பொங்கலுக்குப் போய்ப் பையை இறக்கும்போதே, "எத்தன நாள் லீவு?" என்று கேட்பாள். போவது குறைந்து, பிறகு நின்றுபோனது.

கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்ததும் படப்பையில் ஒரு கேஸ் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலாளி வசந்தகுமாருக்கு ஒரு கணக்கு இருந்தது. பகலில் வீட்டில் பெண்கள்தான் இருப்பார்கள், சோதனைக்கு ஆம்பளை போனால் கதவு திறக்க யோசிப்பார்கள். அதனால் முத்துச்செல்வியைப் பழைய ஸ்கூட்டி ஒன்றில் ஏற்றி அனுப்பினார். ஒரகடம், வல்லம், மணிமங்கலம் என்று வீடு வீடாகப் போய் சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப், அடுப்பு எல்லாம் பார்க்க வேண்டும். கசிவு என்று யாராவது போன் செய்தால் சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்துப் பார்க்க வேண்டும். நாளெல்லாம் ஊரார் சமையலறைக்குள் நின்றுவிட்டு, சாயங்காலம் பூட்டிய அறையைத் திறக்கும்போது, இன்றைக்கு நம்மைப் பேர் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லையே என்று சில நாள் தோன்றும்.

லூர்தம்மாள் வீட்டிலிருந்து முதல் போன் வந்தது 2012 ஆடி மாசம். கேஸ் வாசனை அடிக்கிறது என்று புகார். வல்லத்தில் பரசுராமன் என்பவர் நிலத்தை விற்ற பணத்தில் கட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு. முத்துச்செல்வி டியூப் முழுக்கச் சோப்பு நுரை தடவிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட இல்லை.

"ஒண்ணும் லீக் இல்லம்மா. நல்லாத்தான் கீது" என்றாள். ஆறு வருஷத்தில் நாக்கு இந்த ஊருக்குப் பழகிவிட்டிருந்தது.

அந்த அம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது தாண்டிய வயது, கழுத்தில் சிலுவை.

"நீ எந்தூரு பிள்ள? பேச்சு இந்தூருன்னாலும் மூஞ்சி நம்ம பக்கத்து மூஞ்சியா இருக்கே."

"சங்கரன்கோயில் பக்கம்."

"நான் தூத்துக்குடி. பாத்தியா, அப்பமே நெனச்சேன். இரி, காப்பி போடுதேன்."

அடுத்த வாரமும் புகார் வந்தது. அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு தடவையும் நுரை அசையாமல் கிடந்தது, காப்பி மட்டும் தயாராக இருந்தது. மூன்றாவது தடவை முத்துச்செல்விக்கு விஷயம் புரிந்துவிட்டது. கணவர் இறந்தபின் லூர்தம்மாள் ஊர் வீட்டை ஒழித்துவிட்டு மகன் ஏசுவடியானோடு இங்கே வந்தவள். மகனுக்கு ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. வந்த வருஷமே கம்பெனி அவனைக் குஜராத்துக்கு அனுப்பிவிட்டது. ஆறு மாதம் என்றார்கள், அது நீண்டுகொண்டே போனது. அக்கம்பக்கத்தில் எல்லாம் பையன்கள். ஷிஃப்டுக்குப் போவார்கள், வந்து தூங்குவார்கள்.

"சித்தி, வாசனன்னு சொல்லாதீய. எனக்கே போன் போடுங்க, நான் வாரேன்" என்றாள் முத்துச்செல்வி. அவள் நாக்கு எப்போது ஊர்ப்பேச்சுக்குத் திரும்பியது என்று அவளுக்கே தெரியவில்லை.

லூர்தம்மாள் கொஞ்சம் வெட்கப்பட்டாள். ஆனாலும் புகார் கொடுப்பதை விடவில்லை. ஆபீசுக்குப் போன் போட்டால்தான் வேலையாக வந்த மாதிரி இருக்கும், இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்குத் தொந்தரவு என்று அவள் நினைப்பு. கடைசியில் வசந்தகுமார் சலித்துப்போனார். "அந்தம்மாவுக்கு வேற வேல இல்ல. இனிமே அங்க போவாத, வீண் அலைச்சல்." முத்துச்செல்வி தலையாட்டினாள். வேலை முடிந்தபிறகு போய்வந்தாள்.

அந்த வருஷம் கரண்ட் வருவதும் போவதுமாகத்தான் இருந்தது. சில நாள் பாதி நாளுக்கு மேல் இருக்காது. கரண்டில் ஓடும் ஹீட்டரை நம்ப முடியாமல் ஜனங்கள் கேஸ் கீசருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்கு வந்த ஏசுவடியானும், அம்மாவின் மூட்டுவலிக்கு வெந்நீர் வேண்டும் என்று ஒன்று வாங்கி, தனியாக ஒரு சின்னச் சிலிண்டரோடு குளியலறைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனான். புகை வெளியே போக மேலே ஒரு குழாய் வைத்துச் சுவருக்கு வெளியே விட வேண்டும். சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று பரசுராமன் சொல்லிவிட்டதால், குழாய் பிரிக்காத அட்டைப்பெட்டியிலேயே பரண்மேல் போயிற்று. இதெல்லாம் முத்துச்செல்விக்குத் தெரியாது. அவள் வேலை சமையலறையோடு முடிந்தது. உட்கார்ந்து பேசப் போனபோதும் குளியலறைப் பக்கம் போனதில்லை.

மார்கழி பிறந்தது. ஒரு நாள் காலை ஏஜென்சிக்குள் நுழையும்போதே வசந்தகுமார் சிரித்தார். "உன் ஊர்க்காரம்மா போன் பண்ணிச்சு. வாசன அடிக்குதாம், தல வேற சுத்துதாம். புதுசா ஒண்ணு சேத்துக்கிச்சு."

முத்துச்செல்விக்கு மணிமங்கலத்தில் நாலு வீடு பாக்கி இருந்தது. முதலில் அதை முடிக்கலாம் என்றுதான் கிளம்பினாள். தலை சுற்றுகிறது என்று லூர்தம்மாள் இதுவரை சொன்னதில்லை என்பது வழியில் உறைத்தது. வண்டியை நிறுத்திப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. திரும்பவும் போட்டாள், எடுக்கவில்லை. வண்டியைத் திருப்பினாள்.

வாசல் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர் விழும் சத்தம். குளியலறைக்கு உள்தாழ்ப்பாள். கூப்பிட்டாள், தட்டினாள், பதில் இல்லை. கதவின் கீழ் இடுக்கில் நனைந்த புடவையோரம் தெரிந்தது. வெளியே ஓடி, வரிசையின் முதல் வீட்டில் இருந்த வீட்டுக்காரர் பரசுராமனைக் கூப்பிட்டாள். அவர் பல்குச்சியோடு வந்தார்.

"இன்னாம்மா, குளிக்கிறாங்களா இருக்கும்..."

"அண்ணா, கதவ ஒடைங்க. அப்புறம் பேசிக்கலாம்."

இரண்டு உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. லூர்தம்மாள் சுவரோரம் சரிந்து கிடந்தாள். மேலே கீசர் எரிந்துகொண்டிருந்தது. நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக ஆடியது. கொசுவுக்குப் பயந்து லூர்தம்மாளே ஜன்னல் பொந்தை அட்டை வைத்து அடைத்திருந்தாள். முத்துச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேஸை மூடினாள். இருவருமாக அந்த அம்மாளை வாசலுக்கு இழுத்து வந்தார்கள். பரசுராமன் மனைவி முனியம்மாள் ஒரு சேலையைக் கொண்டுவந்து போர்த்திவிட்டு, வெறும் தரையில் உட்கார்ந்து அவள் உள்ளங்கால்களைத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு முனகல் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் சிறிது தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். காலையில் கீசரைப் போட்டதுமே தலை சுற்றியிருக்கிறது, போன் போட்டுவிட்டுத் திரும்பக் குளிக்கப் போயிருக்கிறாள். நினைவு தெளிந்ததும் லூர்தம்மாள் கேட்டாள்:

"உண்மையிலயே லீக்கா பிள்ள?"

"லீக் இல்ல சித்தி. எரிஞ்ச புகை வெளிய போவ வழியில்ல. அதுக்கு வாசனையே கிடையாது."

"வாசன அடிக்கின்னு சொன்னாத்தானே வருவாவ. தல சுத்துதுன்னா எவன் வருவான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். முத்துச்செல்வி அவள் கையைப் பிடித்தபடி மகன் வரும்வரை அங்கேயே இருந்தாள்.

ஏசுவடியான் மறுநாள் வந்தான். சுவரில் மாட்டியது தன் கைதான் என்பதால் யாரையும் திட்ட முடியாமல் தவித்தான். கீசரைத் தானே கழற்றினான். பரசுராமனும் மோசமான மனிதர் இல்லை. ராத்திரியெல்லாம் பயந்து தூங்காமல் இருந்தவர்.

"தம்பி, தப்பா நெனச்சிக்காத. தனியா ஒரு பொம்பளய இங்க வுட்டுட்டுப் போவாத. நாளைக்கு எதுனா ஆச்சின்னா நான் தாங்க மாட்டேன். அம்மாவ கூடவே இட்டுக்கினு போ."

அவனும் அதையேதான் நினைத்திருந்தான். சாமான்களை ஒரே நாளில் கட்டினார்கள். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து முத்துச்செல்வி கடைசியாக ஒரு காப்பி குடித்தாள். காப்பாற்றியதற்கு ஏசுவடியான் கும்பிட்டு நன்றி சொன்னபோது அவள் டம்ளரைக் கழுவ எழுந்துபோனாள். வழக்கம்போல நாலு வீட்டை முடித்துவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு ஒரு பக்கம், இனி சாயங்காலங்களில் எங்கே போவது என்ற நினைப்பு ஒரு பக்கம். இரண்டாவதை நினைத்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் குளியலறையையும் காட்டச் சொல்வாள். "நீ கிச்சன் பாக்கத்தானே வந்த?" என்று முகம் சுளிப்பவர்கள்தான் அதிகம். ஒரகடத்தில் ஒருவர் அவள் எதிரிலேயே கதவைச் சாத்தினார். குன்றத்தூரில் பெண்கள் விடுதி நடத்தும் சுந்தராம்பாள் மட்டும் பொறுமையாகக் கேட்டு, மூன்று குளியலறையிலும் சுவரை உடைத்துக் குழாய் வைத்தாள். அதைப் பார்க்க முத்துச்செல்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்த வேலையாகப் போய்வந்தாள்.

லூர்தம்மாள் வாரம் ஒரு தடவை பேசுவாள். பிறகு மாசம் ஒன்று. அங்கே ஆறாவது மாடி. யார் பேசினாலும் அவளுக்குப் புரியாது. மகனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகளும் வேலைக்குப் போகிறாள்.

2015 கிறிஸ்துமஸ் அன்று மதியம் போன் வந்தது. நலம் விசாரித்து முடிந்தது, மழை வெள்ளத்தைப் பற்றிக் கேட்டு முடிந்தது. சொல்ல இருவருக்கும் வேறு எதுவும் இல்லை.

"வைக்கட்டுமா சித்தி?"

"வேண்டாம் பிள்ள. நீ பாட்டுக்கு உன் சோலியப் பாரு. போன் அப்படியே இருக்கட்டும்."

முத்துச்செல்வி போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் உரித்தாள். அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது, ஏதோ டிவி கேட்டது, நடுநடுவே லூர்தம்மாள் இருமினாள். பேலன்ஸ் தீரும்வரை அப்படியே இருந்தது.