விரலில் சொல்லும் அளவு

இடுப்பைச் சுற்றி அளவுநாடாவை இழுத்துப் பிடித்ததும் டெய்லரம்மா சத்தம் போட மாட்டாள். வெட்டுமேசையில் நிற்கும் கணவரைப் பார்த்து விரலை மட்டும் காட்டுவாள். முதலில் நாலு விரல், பிறகு ரெண்டு. நாற்பத்திரண்டு என்று அவர் துணியில் சாக்பீஸால் குறித்துக்கொள்வார். வந்தவர் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் இந்த மரியாதை. "பாவம், நாலு பேர் முன்னாடி மனசு நோகக் கூடாது பாருங்க" என்பாள். அவளும் கனத்த உடம்புக்காரிதான். யாராவது அவளிடமே "கொஞ்சம் குறைக்கலாமே" என்று வாயெடுத்தால் போச்சு, அவர் சட்டை ஒரு மாசத்துக்குத் தையலேறாது.

ஒல்லியானவர்கள் வந்தால் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டே இல்லை. "இருபத்தெட்டு!" என்று தெருமுனை வரை கத்துவாள். "வீட்ல சோறு போடறாங்களா இல்லையா? காத்தடிச்சா பிடிச்சுக்க ஆள் வேணுமே!" கடையே சிரிக்கும். அளவு கொடுக்கிறவரும் சிரித்து வைப்பார். நாடா கழுத்தைச் சுற்றி இருக்கும்போது யார் சண்டை போடுவது!

அதிகம் மாட்டிக்கொண்டவள் மருமகள். வந்த நாளிலிருந்தே அவளுக்குக் 'குச்சி' என்று பெயர். அத்தைக்கு அவள்மேல் உயிர். சாப்பாட்டில் பெரிய துண்டு எப்போதும் அவள் தட்டுக்குத்தான். ஆனால் கடையில் ஆள் இருந்தால் மருமகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கூச்ச சுபாவம் என்று நினைத்துக்கொண்டாள் டெய்லரம்மா.

நேற்று வேறு வழியில்லாமல் வந்தாள். மறுநாள் வேலைக்கு இன்டர்வியூ. வாங்கிய கோட்டு தொளதொளவென்று தொங்கியது. பிடித்துத் தைத்தால்தான் ஆச்சு. பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டெய்லரம்மா நாடாவைச் சுற்றினாள், மூச்சை இழுத்தாள், வாயைத் திறந்தாள்.

"அத்தை, எனக்கும் விரல்லயே காட்டுங்களேன்" என்றாள் மருமகள் மெதுவாக.

"அடியே, ஒல்லியா இருக்கறது குறையா என்ன? ஊரே அதுக்குத்தானே ஏங்குது!"

"சின்ன வயசுலேர்ந்து எவ்வளவோ சாப்பிட்டுப் பார்த்துட்டேன் அத்தை, உடம்பு ஏறல. நாளைக்கு அங்க போய் நான் நிமிர்ந்து நிக்கணும். இன்னிக்கு இவங்க சிரிச்சாங்கன்னா என்னால முடியாது."

தன் எடையையே யாரோ நடுக்கடையில் கூவிவிட்டதுபோல் டெய்லரம்மாவுக்குச் சுருக்கென்றது.

"என்ன, எவ்வளவு?" என்றார் கணவர், சாக்பீஸைத் தூக்கிப் பிடித்தபடி. பெஞ்சு மொத்தமும் சிரிக்கத் தயாராக நிமிர்ந்தது.

டெய்லரம்மா நாடாவை உருவி வாயில் கவ்விக்கொண்டாள். பிறகு முதலில் இரண்டு விரலைக் காட்டினாள். அடுத்து, இரண்டு கையாலுமாக ஆறு விரலை.