பக்கத்து இருக்கைக்காரர் அழுத்திய பொத்தான்

அர்செல்லா விட்லோ மூன்றாவது முயற்சியில்தான் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனாள். அதற்கு முன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தடவை தோற்றபோதும் மறுநாள் காலை அதே பேருந்தில் ஏறினாள். தனக்கு ஓட்டுப் போடாதவர்கள் என்று சந்தேகப்பட்ட வீடுகளின் முன்னால் மட்டும் ஹாரனை நீளமாக அடித்தாள். அமெரிக்காவின் தெற்கே எங்கள் பகுதியிலிருந்து அந்தச் சபைக்குப் போன முதல் கறுப்பினப் பெண் அவள்தான். அவளுக்குத் தலை அலங்காரம் செய்கிறவள் நான். என் நாற்காலியில் உட்கார்ந்துதான் அவள் பாதிப் பேச்சுகளைத் தயார் செய்தாள்.

தேர்தல் கூட்டம் எதுவானாலும் கடைசியில் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டுவாள். "எங்கப்பா ஓட்டர் லிஸ்ட்ல பேரு சேக்கப் போனாரு. கறுப்பனுக்கு எதுக்கு ஓட்டுன்னு அன்னிக்குச் சாயங்காலமே வெள்ளைக்கார முதலாளி குத்தகை நிலத்த விட்டு எங்களத் தொரத்திட்டான். இது என் விரல் இல்ல, அவரு விரல். இத வேற எவனுக்கும் குடுக்க மாட்டேன்!" என்பாள். நாங்கள் தொண்டை வறள "சொல்லு, சிஸ்டர்!" என்று கத்துவோம். எத்தனை தடவை கேட்டாலும் எனக்குக் கண் கலங்கிவிடும்.

சபையில் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு பொத்தான்கள். பச்சை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் கூடாது. ஒருவர் எழுந்து வெளியே போனால் பக்கத்து இருக்கைக்காரர் அவருடைய பொத்தானையும் சேர்த்து அழுத்திவிடுவார். விதிப்படி அது தப்பு, ஆனால் செய்யாதவர் கிடையாது. அவளுக்குப் பக்கத்து இருக்கை ஹார்லன் ஸ்டப்ஸ் என்ற வெள்ளைக்காரருக்கு. வேர்க்கடலை விவசாயி. இருவருக்கும் கட்சி வேறு, ஆனால் அவித்த கடலைப் பொட்டலம் ஒன்று.

அந்த வசந்தத்தில் ஒரு மசோதா வந்தது. சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளில் பிரசவ வார்டை மூடிவிடலாம் என்றது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியும் அதில் அடக்கம். என் மகள் யுலாண்டாவுக்கு அப்போது ஏழாம் மாதம். வார்டை மூடினால் வலி எடுத்த பிறகு ஒன்றரை மணி நேரம் காரில் போக வேண்டும். ஓட்டெடுப்பு நடந்த அன்று காலை அர்செல்லா என் கடைக்கு வந்தாள்.

"கவலப்படாத, நான் சிவப்புதான். இன்னிக்கு நம்ம ஊர்ப் பிள்ளைங்க சபையப் பாக்க வராங்க. போட்டோ எடுப்பாங்க. முன்பக்கம் நல்லாச் சுருட்டி விடு."

நானும் ஆசையாகச் சுருட்டிவிட்டேன்.

சபையில் அந்த மசோதாவின் முறை வரும் நேரத்தில், பிள்ளைகள் வெளியே படிக்கட்டில் வரிசையாக நின்றுவிட்டார்கள். போட்டோக்காரர் அவசரப்படுத்தினார். "ஹார்லன், என்னோடதையும் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள். எந்த நிறம் என்று சொல்லவில்லை. காலையிலிருந்து வந்ததெல்லாம் சாலை, பாலம் பற்றிய மசோதாக்கள். எல்லாவற்றுக்கும் இருவரும் பச்சைதான். ஸ்டப்ஸ் தன் பச்சையை அழுத்தினார், அதே வேகத்தில் அவளுடையதையும் அழுத்தினார். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா கரையேறியது.

அவள் திரும்பி வந்து விஷயம் தெரிந்தபோது ஸ்டப்ஸுக்கும் முகம் வெளுத்துப்போனதாம். "மெஷின் கோளாறுன்னு சொல்லிடு, அர்செல்லா. யாரு வந்து நோண்டப் போறா?" என்றார். ஊர் திரும்பிய அவளும் அப்படியே சொன்னாள்.

நாங்கள் நம்பினோம். அதுதான் வினையாகிவிட்டது. "கறுப்புப் பொம்பள விரல் பட்டா மட்டும் மெஷினுக்குக் காய்ச்சல் வருதாமா?" என்று என் கடையில் பெண்கள் கொதித்தார்கள். தலைநகருக்குப் போய்ச் சண்டை போட சர்ச் சார்பில் பஸ் பிடித்தாயிற்று. முட்டி வலியால் எங்கும் போகாத எங்கள் சர்ச் மூதாட்டி மதர் டிஸ்டேல் முதல் இருக்கை தனக்கு என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, பஸ் வாசலில் நிற்க, போதகர் அர்செல்லாவை முன்னால் வந்து பேசச் சொன்னார். தொப்பி இல்லாமல் வந்திருந்தாள். எங்கள் சர்ச்சுக்கு அந்த வயதுப் பெண் யாரும் அப்படி வரமாட்டாள். வழக்கமாகச் சனிக்கிழமை முடி சுருட்ட வருகிறவள், அந்த வாரம் என் கடைக்கும் வந்திருக்கவில்லை.

"மெஷின் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

யாரும் "சொல்லு, சிஸ்டர்" என்று சொல்லவில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்டப்ஸ், கடலை, படிக்கட்டு, பச்சை. "எங்கப்பா விரல கடலை திங்கிற கைகிட்ட குடுத்துட்டுப் போயிட்டேன். அப்புறம் உங்ககிட்டப் பொய்யும் சொன்னேன்." ஆர்கன் வாசிப்பவர் கட்டைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் போட்டோவுக்காக அந்த முடியைச் சுருட்டியவள் நான்தானே! எழுந்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் போல இருந்தது.

"அப்ப பஸ்ஸ திருப்பி அனுப்பிடலாமா, ரெவரெண்ட்?" என்று மதர் டிஸ்டேல் மட்டும் மெல்லக் கேட்டாள்.

அப்போது யுலாண்டா முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கியபடி எழுந்தாள். குரலில் கோபமே இல்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்பதுபோலக் கேட்டாள்.

"சிஸ்டர் அர்செல்லா, போட்டோ நல்லா வந்துச்சா?"

அர்செல்லா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பொய் சொல்லிப் பழகாதவள்.

"நல்லா வந்திருக்கும்மா" என்றாள். "சிரிச்சுக்கிட்டிருக்கேன்."