முதுகில் கட்டிய தொலைநோக்கி

கல்யாணமான புதிதில் நாங்கள் கோயமுத்தூரை ஒட்டிய கணபதி என்ற ஊரில் குடியிருந்தோம். என் கணவர் கோயமுத்தூரில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். நான் பெண்கள் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொன்னேன். சீமைக்குத் திரும்பிய பாதிரியார் ஒருவர் தம்முடைய பித்தளைத் தொலைநோக்கியையும், அதைப் பொருத்தி நிறுத்துகிற தேக்கு முக்காலியையும் என் கணவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து எங்கள் சனிக்கிழமைகள் மாறிப்போயின. பனிக்காலத்தில் சிங்காநல்லூர்க் குளத்துக்கு எங்கிருந்தோ வாத்துகள் வந்து இறங்கும். வெள்ளென எழுந்து அவற்றைப் பார்க்க நடப்போம்.

சைக்கிளில் கட்டிப் போனால் வண்டித்தடத்துக் குலுக்கலில் கண்ணாடி கழன்றுவிடும் என்று அவருக்குப் பயம். அதனால் முக்காலியின் தலையில் தொலைநோக்கியை மாட்டியபடியே, கலப்பையைத் தூக்குவது போல மொத்தத்தையும் தோளில் சாய்த்துக்கொள்வார். தேக்குக் கால்களின் விளிம்பு தோள் எலும்பில் ஏறி அழுத்தும். குளத்தங்கரைக்குப் போய் இறக்கியதும் அவர் கை நடுங்கும். குழாயைத் திருப்பிப் பிடிக்கிற கை நடுங்கினால் கண்ணாடிக்குள் வாத்தும் நடுங்கும். நடுக்கம் அடங்குவதற்குள் வெயில் ஏறிவிடும்.

"அந்தக் குழாயை மட்டுமாச்சும் எங்கிட்டக் குடுங்க, நான் கொண்டு வாரேன்" என்பேன்.

"பொம்பளைகிட்டப் பாரத்தைக் குடுத்துப்போட்டு நான் கை வீசிட்டு நடக்கறதா? பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க?"

அதோடு பேச்சு முடிந்துவிடும். கட்டுச்சோற்றையும் தண்ணீர்ச் செம்பையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன்.

ஒரு வருஷம் அவருக்கு டைபாய்டு வந்தது. பிழைத்து எழுந்தபோது உடம்பில் பாதி போயிருந்தது. பனிக்காலம் தொடங்கியதும் வழக்கம்போலத் தோளில் ஏற்றினார். வீதி முனையோடு திரும்பி வந்து, எல்லாவற்றையும் பீரோவின் மேலே தூக்கி வைத்தார். "இந்த வருசம் வேண்டாம்" என்றார்.

அவருடைய ஆசை அது, நான் துணைக்குப் போகிறவள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் வாசல் பெருக்கும்போதெல்லாம் குளத்துக்கு வாத்துகள் வந்திருக்குமோ என்ற நினைப்பு எனக்குத்தான் வந்தது. தூங்குகிற வாத்து ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவதை அந்தக் கண்ணாடி எனக்குக் காட்டியிருந்தது. எனக்கென்று ஓர் ஆசை இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

பீரோவின் மேலிருந்து இறக்கினேன். குழாயைத் தனியாகக் கழற்றினேன். முதலில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். கயிறு தோளை அறுத்தது, குழாய் ஆடி ஆடி என்னைப் பின்னுக்கு இழுத்தது. பிறகு பழைய நூல் சேலை ஒன்றை அகலமாக மடித்து, குழாயை அதில் சுற்றி, முதுகோடு ஒட்டிக் குறுக்காக வைத்து, மார்பில் முடிச்சுப் போட்டேன். ஒட்டிக் கிடக்கிற பாரம் இழுக்கவில்லை. முக்காலியின் கால்களைச் சேர்த்து நாடாவால் கட்டி, தோளில் படுகிற இடத்தில் துண்டைச் சுற்றினேன். குழாய் போனபின் அது ஒன்றும் பெரிய கனமில்லை.

முற்றத்தில் நான் நடப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் முக்காலியை வாங்கித் தோளில் வைத்து நாலைந்து நடை நடந்தார்.

"சனிக்கிழமை போலாங்களா?" என்றேன்.

வீதிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "போலாம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை குளக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என் முதுகைப் பார்த்து ஓடிவந்தாள்.

"ஏனுங்க அம்மணி, கொழந்தைக்கு மேலுக்கு முடியலீங்களா, காச்சலுங்களா? இப்படிப் பொத்திப்போட்டு வாரீங்க?"

எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. சர்ச்சில் யாராவது குழந்தையைப் பற்றிக் கேட்டால் அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அவளுடைய பதற்றத்தில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. துணியை விலக்கிப் பித்தளையைக் காட்டினேன். அவளும் சிரித்தாள். எங்கள் கூடவே நின்று முக்காலியை விரிக்கப் பிடித்துக்கொடுத்தாள்.

என் கணவர் கண்ணை வைத்தார். கை ஆடவில்லை. குழாயை மெல்லக் கரை நெடுகத் திருப்பினார். பிறகு விலகி, "பாரு" என்றார். ஊசி போல வால் நீண்ட வாத்துகள், தண்ணீரில் தலையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தன. கழுத்திலிருந்து நீர் வழிவதுகூடத் தெரிந்தது. அடுத்து அந்த அம்மாள் பார்த்தாள். கொஞ்ச நேரம் வாத்தைப் பார்த்தவள் குழாயை அக்கரைக்குத் திருப்பினாள்.

"அட, எங்க எருமை சோளக்காட்டுல நிக்குதுங்க!" என்று புல்லைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

என் கணவர் அப்படி வாய்விட்டுச் சிரித்துக் காய்ச்சலுக்குப் பிறகு நான் கேட்டதில்லை.

திரும்பும்போது நான் சேலையை மடிக்க, "அதை இங்க குடு. பாதி வழி நான் கட்டிக்கறேன்" என்றார். முடிச்சை நான்தான் போட்டுவிட்டேன். பாதி வழியில் கேட்டேன், தரவில்லை. நல்ல வெயிலில், கோட்டுக்கு மேலே பூப்போட்ட சேலையுடன் கணபதிக்குள் நுழைந்தார். மாவு மில் வாசலில் நின்ற ஒருவர் கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, இதென்னங்க?"

"இப்படிக் கட்டினா தோள் நோகறதில்லீங்க" என்று நின்று நிதானமாகச் சொன்னார். முடிச்சு எங்கே வர வேண்டும் என்று திரும்பி நின்றும் காட்டினார்.