கழுவிய இடம்

வேற்றுக்கிரகப் படம் என்றால் எனக்கு உயிர். ஏனாத்தூர் ஹாஸ்டல் அறையில் தோழி நித்யாவோடு ஒன்று பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் அந்த வேற்றுக்கிரகவாசி உட்கார்ந்திருந்த இடத்தைச் சிப்பாய்கள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். அந்தச் சத்தம் என்னை எங்கள் ஊர் காவாந்தண்டலத்துக்கு இழுத்துப்போனது.

ஆறாம் வகுப்பு விடுமுறை. ஊருக்கு வெளியே இருந்த எங்கள் காலனியிலிருந்து, ஊர்த்தெருவில் இருந்த வகுப்புத்தோழி சுமதி வீட்டுக்குள் நான் போனது அந்த ஒரு தடவைதான். சிவப்பு சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி, வேகவைத்த வேர்க்கடலை வாசனை, டிவியில் இதே மாதிரி ஒரு படம். சுமதியின் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அய்ய, பாவம்டி! அது இன்னா தப்பு பண்ணிச்சி? வேற ஊர்ல பொறந்ததுக்கா இப்டி தொரத்திக்கினு வர்றானுங்க?"

"ஊர் இல்லம்மா, கிரகம்!" என்றாள் சுமதி. மூவரும் சிரித்தோம்.

வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே சளாரென்று தண்ணீர் விழுந்தது. திரும்பினேன். நான் உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும் அவர் துடைப்பத்தால் தள்ளிக் கழுவிக்கொண்டிருந்தார். அழுத கண் இன்னும் சிவந்தேயிருந்தது. அதற்குப் பிறகு சுமதி என்னைக் கூப்பிடவேயில்லை.

படம் முடிந்தது. நித்யா மூக்கை உறிஞ்சினாள். "மனுசங்கதான்பா மோசம்," என்றாள். பிறகு சாதாரணமாக, "ஆமா, உங்க ஊர்ல நீ எந்தத் தெரு?"

"காலனி," என்றேன்.

என் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் மெல்ல எழுந்துகொண்டாள்.