மேட்டுப்பாளையத்திலிருந்து திரும்பிய புறாக்கள்

போன மாதம் சென்னையிலிருந்து கோவைக்கு வந்த விமானம் இறங்காமல் மேலேயே வட்டமடித்தது. ஓடுபாதைப் பக்கம் பறவைகள் இருப்பதால் கொஞ்சம் தாமதமாகும் என்று அறிவித்தார்கள். "ஒரு பறவைக்குப் போயி இத்தனை பயமுங்களா?" என்று பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆரோக்கியசாமி அண்ணன் நினைவுக்கு வந்துவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிங்காநல்லூருக்கு அந்தப் பக்கம், விமான நிலையச் சுவரை ஒட்டிய தெருவில் அவர் வீட்டு மாடியறையில் குடியிருந்தேன். அண்ணன் மில்லில் ஃபிட்டர். என் அறைக்கு வெளியே மொட்டைமாடியில் மரக்கூண்டு கட்டிப் பந்தயப் புறா வளர்த்தார். கம்புத் தானியமும் எச்சமும் கலந்த வாசனை முதலில் குமட்டியது. பிறகு அது இல்லாத இடத்தில் தூக்கம் பிடிக்கவில்லை. என் புடவைகள் பட்ட பாடு தனிக்கதை. ஒருநாள் முழுக்க முதுகில் எச்சத்தோடு அலுவலகத்தில் மிடுக்காக நடந்திருக்கிறேன், ஒருத்தரும் சொல்லவில்லை.

சாயங்காலம் திறந்துவிட்டால் புறாக்கள் கூட்டமாக எழும்பிச் சுற்றும். விமானங்களும் அதே வானத்தில்தான் சக்கரம் தெரிய இறங்கும். இரண்டும் சேர்ந்து தெரிவது அழகு என்றே நினைத்திருந்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

ஒருநாள் விமான நிலையத்திலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். கழிவைத் திறந்து போட்டால் பருந்து வருகிறது என்று தெருமுனைக் கோழிக்கடையில் பேசிவிட்டு, எங்கள் மாடிக்கு ஏறினார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கண்ணா. இஞ்சினுக்குள்ள ஒண்ணு போனாலும் போதுமுங்க. உள்ள இருக்கறவங்க உசுரு."

சண்டைக்குத் தயாராக நின்ற அண்ணனின் மனைவி பிலோமினாக்கா காப்பி போட உள்ளே போனார். அதிகாரி கத்தியிருந்தால் நாங்களும் கத்தியிருக்கலாம். அவரோ காப்பி குடித்த தம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

மேட்டுப்பாளையத்தில் பாக்கு வியாபாரம் செய்த நண்பர் ஒருவரிடம் புறாக்களைக் கொடுப்பது என்று முடிவானது. கூடைகளில் அடைத்து அண்ணன் பஸ்ஸில் கொண்டுபோய் விட்டுவந்தார். நண்பர் சில வாரம் பூட்டி வைத்திருந்து, இடம் பழகியிருக்கும் என்று நம்பித் திறந்துவிட்டார். வெயில் ஏறுமுன் அத்தனையும் எங்கள் மொட்டைமாடியில்!

"ஏனுங்க, வந்துட்டாளுக பாருங்க!" கட்டிக்கொடுத்த பெண்கள் ஊருக்கு வந்ததுபோல் அக்கா கத்தினார். கம்பை வாரி இறைத்தார். அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும், படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் மில்லிலிருந்து வந்து அவற்றைப் பிடித்து அடைப்பதற்குள் கூட்டம் எழும்பிவிட்டது. தூரத்தில் விமானம் தெரிந்தது. அண்ணன் விசிலடித்தார். கம்பு டப்பாவைக் குலுக்கினார். வீடு திரும்பிய களிப்பில் அவை இறங்கவே இல்லை. வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது.

"வாங்க சாமி... கீழ வந்துருங்க சாமி..." என்று கெஞ்சினார்.

நான் விமானத்தைப் பார்த்துக் கையை ஆட்டினேன். எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை. இரைச்சல் தலைக்கு மேல் கடந்தது. கூட்டம் ஒரு பக்கமாகச் சரிந்து ஒதுங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. அண்ணன் தரையில் உட்கார்ந்து, கம்பு டப்பாவை மூடினார்.

"அதுகளுக்கு எப்பிடிச் சொல்றது அம்மணி?"

மறுநாள் கூண்டை அவரே பிரித்தார். புறாக்கள் மறுபடி மேட்டுப்பாளையம் போயின, இனித் திறப்பதே இல்லை என்ற பேச்சோடு. அங்கே பொரிக்கும் குஞ்சுகளுக்கு அதுதான் வீடு, அவை பறக்கலாம்; இவை கம்பிக்குள்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணன் பார்க்கப் போவார். தன் குரல் கேட்டுக் கம்பியில் வந்து மோதுகின்றன என்று பிறகு அதையும் நிறுத்திவிட்டார்.

அந்தத் தெருவே இப்போது இல்லை. விமான நிலையத்தை விரிவாக்க நிலம் எடுத்தார்கள். கோழிக்கடை, அண்ணன் வீடு, என் அறை இருந்த இடமெல்லாம் சுவருக்குள்ளே வெறும் புல்தரை.

அண்ணனும் அக்காவும் பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கிறார்கள். போன வாரம் போயிருந்தேன். அகலமான மொட்டைமாடி, விமானம் ஏதும் தாழப் பறக்காத வானம்.

"இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கண்ணா. ரெண்டு சோடி வளர்க்கலாமே?"

"வேண்டாம் அம்மணி, இது வாடகை ஊடு" என்றார். "காலி பண்ணச் சொன்னா நாங்க போயிருவோம். அதுக இங்கயே வந்து உக்காந்திருக்குமே."