மழை நாளில் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள்

வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில், மலேசியாவின் கோலா சாவா பக்கம் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. நாங்கள் இருப்பது செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான மேட்டு லைனில். என் கணவரின் தம்பி குடும்பம் கீழ் லைனில், ஆற்றை ஒட்டி இருந்தது. நடந்தால் பத்து நிமிடம். ஆனாலும் அண்ணனும் தம்பியும் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

எல்லாம் என் மகளின் சடங்கு அன்று நடந்தது. தம்பி குடித்துவிட்டு வந்து பந்தியில் வாய்த்தகராறு செய்தார். என் கணவர் அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். தம்பி மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். பிறகு தீபாவளிக்குக்கூட எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

நான்காம் நாள் காலை தம்பியின் மனைவி எங்கள் வாசலில் நின்றாள். தலையில் துணி மூட்டை, கையில் எட்டு வயது மகள்.

"அக்கா, வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சு. ஸ்கூல்ல போய் தங்கலாம்னா ரோடும் மூழ்கிருச்சு. எங்க போறதுன்னே தெரியல."

நான் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். "உள்ள வரச் சொல்லு" என்றார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "அவன் எங்க?" என்று கேட்டார்.

"சாமான எல்லாம் மேல தூக்கி வச்சிட்டு வராரு, மாமா."

தம்பி வந்தபோது இடுப்புவரை சேறு. நான் துண்டை நீட்டினேன். "பரவால்ல அண்ணி" என்று வாசலிலேயே நின்றார். என் கணவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். இரண்டே அறை உள்ள வீட்டில் ஒருவரை ஒருவர் எவ்வளவு நேரம் தவிர்க்க முடியும்? மதியம் கரண்டும் போனது. டின் மீன் குழம்பும் சோறும் வைத்தேன். இருவரும் ஆளுக்கொரு மூலையில், முகம் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

பிள்ளைகளுக்குப் பொழுது போகவில்லை. பதினைந்து வயதான என் மகள் கட்டிலுக்கு அடியிலிருந்து கேரம் பலகையை இழுத்துவந்து ஜன்னலோரம் போட்டாள்.

"நாலு பேரு வேணும். அப்பா, நீங்க வாங்க. சித்தப்பா, நீங்களும்."

இருவரும் அசையவில்லை. தம்பியின் மகள், சின்னவள், போய்த் தன் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்ததும் அவர் வந்து உட்கார்ந்தார். என் மகள் விடாமல் நச்சரித்து அவள் அப்பாவையும் உட்கார வைத்தாள். "நானும் தங்கச்சியும் ஒரு கட்சி" என்றாள். அப்படியென்றால் அண்ணனும் தம்பியும் ஒரு கட்சி; கேரமில் கூட்டாளிகள் எதிரெதிரேதான் உட்கார வேண்டும். அவள் வேண்டுமென்றே செய்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. தடுக்கலாமா என்று நினைத்தேன், தடுக்கவில்லை.

தகரக் கூரையில் மழைச் சத்தம். காய்கள் மோதும் சத்தம். வேறு பேச்சு இல்லை. தம்பி சிவப்புக் காயைக் குழியில் போட்டார். கூடவே இன்னொரு காய் போட்டால்தான் சிவப்பு நிற்கும். அடித்தார், தவறியது. சிவப்பு மறுபடி பலகைக்கு வந்தது.

"எப்பவும் அவசரம்தான்" என்று முணுமுணுத்தார் என் கணவர். இரண்டு வருடத்தில் தம்பியிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

"நானா ஆட வரேன்னு சொன்னேன்?"

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த தம்பி மனைவியின் கை நின்றது. என் மகள் ஆடி முடித்ததும் என் கணவரின் முறை. அவரும் தவறவிட்டார். எரிச்சலில் தொடையைத் தட்டுவதற்காகக் கையை ஓங்கினார். பக்கத்தில் இருந்த சின்னவள் சட்டென்று குனிந்து இரண்டு கையாலும் கன்னத்தை மூடிக்கொண்டாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது.

"உன்ன அடிக்கலம்மா" என்றார். அவர் குரல் அவருடையதுபோல் இல்லை.

அவள் கையை எடுத்தாள். விரலில் இருந்த கேரம் பவுடர் கன்னத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. "அப்பாவ அடிச்சீங்கல்ல, பெரியப்பா" என்றாள். குற்றம் சொல்கிற குரலில் இல்லை, நடந்ததைச் சொல்கிற குரலில்.

தம்பி தரையில் கையூன்றி எழப் பார்த்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே இறங்கிவிடுவார் என்று பயந்தேன்.

"உக்காருடா" என்றார் கணவர். "நீ குடிச்சது தப்புதான். அதுக்குன்னு நான் கை நீட்டியிருக்கக் கூடாது. அதுவும் இந்தப் புள்ள பாக்க..."

தம்பி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அன்னைக்கே குடிய விட்டுட்டேண்ணே. சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படி வந்து சொல்றதுன்னு தெரியல லா."

அது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் மனைவி குனிந்த தலை நிமிராமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம்தான் காரணம் என்று காட்டிக்கொண்டாள்.

"யாரு ஆட்டம்?" என்று கேட்டாள் என் மகள், அவசர அவசரமாக.

அன்று பெண்கள் கட்சிதான் ஜெயித்தது. அதிலிருந்து மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் அண்ணனும் தம்பியும் மண்வெட்டி எடுத்துக்கொண்டு கீழ் லைனுக்குப் போனார்கள். இப்போது பேசிக்கொள்கிறார்கள், தேவைக்குத்தான், ஆனாலும் பேசுகிறார்கள். சின்னவள் மட்டும் பெரியப்பா பக்கத்தில் வந்தால் அவர் கையைக் கவனிப்பதை இன்னும் விடவில்லை. அவளோடு பேசும்போது அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.