நடுவர் இல்லாத ஆட்டம்

விசிலக்கா என்று அவருக்குப் பெயர் வைத்தது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். பன்னிரண்டு வருடம் கைப்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். நடுவர் மேடையிலிருந்து இறங்கும்போது கால் பிசகி முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதற்குமேல் அந்த வேலை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கு வராது. பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் மதிய இடைவேளையின்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று காதில் விழுந்ததும் போய் நின்றுவிட்டார்.

நூற்று எண்பது பிள்ளைகள், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு மைதானம், முக்கால் மணி நேரம். இதென்ன பெரிய காரியம் என்றுதான் நினைத்தார். முதல் வாரமே தலை கிறுகிறுத்தது. தள்ளினான், கிள்ளினாள், ஆட்டத்தில் சேர்க்கவில்லை, முறைத்தான், நான் முறைக்கவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் விசில் ஊதினார், இரு தரப்பையும் விசாரித்தார், தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு நன்றாக இருக்க இருக்க, கூட்டமும் சேர்ந்துகொண்டே போனது. ஒருநாள் முப்பத்தொரு புகார். கடைசியாக இரண்டு சிறுமிகள் கைகோத்தபடியே வந்தார்கள். “அக்கா, இவ எனக்கு ஃப்ரெண்டா, இல்ல அவளுக்கு ஃப்ரெண்டா? நீங்களே சொல்லிடுங்க.”

விசிலக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்ததும் மனதில் சுருக்கென்றது. சிநேகிதி யார் என்று முடிவுசெய்யக்கூடவா நடுவர் வேண்டும்? தான் ஊதிய ஊதலில் இந்தப் பிள்ளைகள் தாங்களாகப் பேசிப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள் என்று பட்டது.

மறுநாள் காலையிலேயே தலைமை ஆசிரியையின் அறை வாசலில் நின்றார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைத் தனக்குத் தரும்படி கேட்டார். எதற்கு என்று அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “சண்டை போடக் கத்துக்கொடுக்கத்தான் மேடம்” என்று இவர் வாய் தவறிச் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, சண்டையைத் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதற்கு என்று விளக்கினார். அரை மனதோடு அனுமதி கிடைத்தது, நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் மட்டும்.

அந்தப் பீரியடில் நடந்தவை வேடிக்கையாக இருந்தன. ஓடுகிற ஆட்டத்தில் புதிதாகச் சேர எப்படிக் கேட்பது என்று ஒத்திகை பார்த்தார்கள். முடியாது என்று சொல்லிவிட்டால் முகம் சுருங்காமல் வேறு கூட்டத்துக்குப் போவது எப்படி என்று அதற்கும் ஒத்திகை. மூன்று நிமிட ஆட்டம் வைப்பார். தோற்ற கட்சி எழுந்து நின்று, வயிறு எரிகிறதா, அழுகை வருகிறதா, யாரையாவது அடிக்கத் தோன்றுகிறதா என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். பிறகு உடனே அடுத்த ஆட்டம். ஆரம்பத்தில் மூக்கைச் சிந்திய பிள்ளைகள், ஒரு மாதத்தில், “அக்கா, இன்னைக்குப் பாதி வயிறுதான் எரியுது” என்று கணக்காகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

மசியாதவள் ஒருத்தி, நான்காம் வகுப்பில் எல்லோரும் ‘இடி’ என்று கூப்பிடும் சிறுமி. தோற்றால் பந்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் உதைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். ஆறு பந்துகள் அப்படிப் போயின.

இதற்கிடையே ஒரு தகப்பனார் வந்து தலைமை ஆசிரியையிடம் சத்தம் போட்டார். பிள்ளையைத் தோற்கப் பழக்குகிறார்களாமே, இதற்கா பள்ளிக்கூடம் என்று கேட்டார். அவர் போன கையோடு விசிலக்காவுக்கு அழைப்பு வந்தது. பீரியடை நிறுத்திவிடலாம் என்றார் தலைமை ஆசிரியை. விசிலக்கா யோசிக்கவே இல்லை. நான்காம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரு எறிபந்து ஆட்டம், நடுவரே கிடையாது, தானும் மைதானத்தில் கால் வைக்கமாட்டேன், அதைப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள் என்று கேட்டுவிட்டார்.

புதன்கிழமை மதியம் இருவரும் மாடி ஜன்னலில் நின்றார்கள். கீழே சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, நடுவே வலை கட்டியிருந்தது. மற்ற வகுப்புப் பிள்ளைகள் சுவரோரம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. ஆறுக்கு ஆறு, பத்துக்குப் பத்து என்று ஏறியது. விசிலக்கா ஜன்னல் கம்பியை விடவே இல்லை. பதினான்குக்குப் பதினான்கு.

ஐந்தாம் வகுப்புத் தலைவன் எறிந்த பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய், நான்காம் வகுப்பின் பின்கோட்டருகே விழுந்து உருண்டது. உள்ளே என்றது ஒரு கட்சி, வெளியே என்றது மற்றது. இரு கட்சியிலும் சேர்த்து இருபது வாய்களும் ஒரே நேரத்தில் திறந்தன. சுவரோரக் கூட்டமும் எழுந்துவிட்டது. கூச்சலுக்கு நடுவே பந்தை எடுத்தது இடி.

“போச்சு” என்றார் தலைமை ஆசிரியை. “கீழ போங்கம்மா, சீக்கிரம்.”

“ஒரே ஒரு நிமிஷம் மேடம்” என்றார் விசிலக்கா.

இடி உதைக்கவில்லை. பந்தைக் கையில் மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரிடத்தில் கட்டை விரலை வைத்துத் தேய்த்தாள். பிறகு அதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். மாடி வரைக்கும் கேட்டது அவள் குரல். “சுண்ணாம்பு ஒட்டியிருக்கு. கோட்டுல பட்டிருக்கு. பாயிண்ட் உங்களுக்குத்தான்.”

அவள் கட்சிக்காரன் ஒருவன், உனக்கு யார் சொல்லச் சொன்னது என்று பாய்ந்தான். “எனக்கும்தான்டா வயிறு முழுசா எரியுது” என்றாள் இடி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆனாலும் வலைக்கு அடியில் குனிந்து போய், ஐந்தாம் வகுப்புத் தலைவனிடம் கை நீட்டினாள். வெற்றியில் குதிக்க மறந்து நின்றவன், இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கும் ஆடலாமா என்று கேட்டான்.

விசிலக்கா அடிபட்ட காலோடு துள்ளியதில், பக்கத்து மேசையிலிருந்த தண்ணீர்க் குவளை உருண்டு தலைமை ஆசிரியையின் புடவையை நனைத்தது. அந்த அம்மாள் அதைக் கவனிக்கவே இல்லை. இடைவேளை முடிந்து பத்து நிமிடம் ஆகியும் மணி அடிக்கச் சொல்லத் தோன்றாமல் நின்றவர், நிதானம் வந்ததும் ஒன்றுதான் சொன்னார். “திங்கக்கிழமை டீச்சர்ஸ் எல்லாருக்கும் இதை நீங்க சொல்லிக்கொடுக்கணும்.”

தையற்கடை வைத்திருக்கும் கணவரிடம் அன்று மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று கேட்டார். நூற்று எண்பது பேரை மேய்த்தவளுக்கு ஒன்பது ஆசிரியர்கள் எம்மாத்திரம் என்றார். பிள்ளைகள் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், பெரியவர்களை எப்படித் தோற்கப் பழக்குவது என்று விசிலக்காவுக்கு ஒரே பரபரப்பு. கடையின் ஆளுயரக் கண்ணாடி முன்னால் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க ஆரம்பித்தார்.